உத்தரவாத அட்டையின் பின்பக்கம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் போனால் சந்தையில் என்ன நேரும் என்பதை ஆண்டுதோறும் ஆறு வகுப்புகள் எடுத்து விளக்குவது வழக்கம். ஆனாலும், 'உத்தரவாதம்' என்ற சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதை நான் கற்றுக்கொண்டது ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சித்திரை மாத வெயிலில், எங்கள் வீட்டுச் சமையலறையில்தான்.

வாங்கி நான்கு ஆண்டுகள்கூட ஆகாத குளிர்சாதனப் பெட்டி அது. 'கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு வாரண்டி' என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்ட ஒட்டுத்தாளைக் கதவிலிருந்து நாங்கள் உரித்தெடுக்கவே இல்லை. ஒருநாள் காலை பெட்டி குளிரவில்லை. பாலும் காய்கறியும் கெட்டால் போகட்டும். கதவுத் தட்டில் என் மனைவியின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். அன்று முதல் அடுத்த வீட்டுக் குளிர்பெட்டியில் அதற்கு இடம் கிடைத்தது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆனால், அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி காலையிலும் இரவிலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டித் தன் மருந்தை வாங்கிவர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் வந்த பழுதுநீக்குநர் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். "கம்ப்ரசர் போயிடுச்சு சார். பார்ட் ஃப்ரீதான். கேஸ், லேபர், டிரான்ஸ்போர்ட்டு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து முந்நூறு ஆகும்" என்றார். மறுநாள் சேவை மையத்திலிருந்து தொலைபேசி வந்தது. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் பழுது நேர்ந்திருப்பதால் உத்தரவாதமே பொருந்தாது, முழுத் தொகையும் நானே கட்ட வேண்டும் என்றார்கள். வந்தவர் கையில் மின்னழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் இருக்கவில்லை.

அன்றிரவுதான் உத்தரவாத அட்டையைத் தேடியெடுத்து அதன் பின்பக்கத்தைப் படித்தேன். முன்பக்கத்தில் ஒரே வாக்கியம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருபத்து மூன்று நிபந்தனைகள். எலி கடித்தால் பொருந்தாது, இடம் மாற்றினால் பொருந்தாது, அங்கீகரிக்கப்படாதவர் திறந்தால் பொருந்தாது, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் விளக்குக்கும் பொருந்தாது. முன்பக்கம் கொடுத்ததைப் பின்பக்கம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

ஜார்ஜ் அகர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்துக் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் கோளாறான கார்களே மிஞ்சும் என்பது அவருடைய வாதம். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்றாக அவர் அப்போதே குறிப்பிட்டது உத்தரவாதத்தைத்தான். தன் சரக்கின் மீது நம்பிக்கையுள்ளவர் துணிந்து நீண்டகால உத்தரவாதம் தருவார். மட்டமான சரக்கை விற்பவருக்கு அது கட்டுப்படியாகாது. எனவே உத்தரவாதத்தின் நீளமே தரத்தின் அடையாளம் ஆகிவிடும்.

கரும்பலகையில் இது அழகாக இருக்கும். ஆனால், சொன்ன வாக்கைக் காப்பாற்றாவிட்டால் செலவு உண்டு என்ற நிலை இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். செலவே இல்லாவிட்டால் மட்டமான சரக்குக்காரரும் பத்து ஆண்டு என்று அச்சடிப்பார். அட்டைக்கும் விளம்பரத் துண்டறிக்கைக்கும் வேறுபாடு இருக்காது. அந்தச் செலவை உண்டாக்குவதற்குத்தான் சட்டம் இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் போகுமுன் சொற்களைச் சற்றுப் பார்த்துவிடலாம். 'கேரண்டி' என்றால் மாற்றித் தருவார்கள், 'வாரண்டி' என்றால் பழுது நீக்கித் தருவார்கள் என்பது கடைத்தெருவில் வழங்கும் விளக்கம். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்த வாக்குறுதியில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. அதற்கு எந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்பதல்ல. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 'வாரண்டி' என்பது ஒப்பந்தத்தின் மைய நோக்கத்துக்குத் துணையான சிறு வாக்குறுதி மட்டுமே. அதை மீறினால் இழப்பீடு கேட்கலாம், பொருளை நிராகரிக்க முடியாது. மைய நோக்கத்தைத் தொடுவது 'நிபந்தனை' எனப்படும். அதை மீறினால்தான் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பிறக்கும். நாம் எவ்வளவோ நம்பிப் போற்றி வைத்திருக்கும் அந்தச் சொல்லுக்குப் பழைய சட்டத்தில் இரண்டாம் இடம்தான்.

அதே பழைய சட்டத்தின் 16-ஆம் பிரிவில் நமக்கு உதவும் ஒன்று இருக்கிறது. வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தொடங்கும் அப்பிரிவு, அடுத்து விதிவிலக்குகளைச் சொல்கிறது: எந்தப் பயனுக்காக வாங்குகிறோம் என்பதைத் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்குத் தகுதியாக இருந்தாக வேண்டும். அட்டையில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் இது உள்ளுறையான நிபந்தனை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பதாலேயே எல்லா உரிமையும் முடிந்துவிட்டதாகச் சேவை மையங்கள் பேசுவது முழு உண்மையன்று.

நுகர்வோருக்கென்று தனிச் சட்டம் நமக்கு 1986-இல்தான் வந்தது. அதற்குச் சிறப்புமிக்க முன்கதை உண்டு. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தி, 1985-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் என்று விரியும். இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் அது செயல்பட்டு வருகிறது.

உத்தரவாதம் மீறப்பட்டவருக்கு இச்சட்டத்தில் மூன்று கைப்பிடிகள் உள்ளன. முதலாவது, 'குறைபாடு' என்பதன் இலக்கணம். சட்டப்படி இருக்க வேண்டிய தரம் மட்டுமன்றி, ஒப்பந்தப்படி வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ இருக்க வேண்டிய தரமும், விற்பவர் எந்த வகையிலேனும் உரிமை கொண்டாடிய தரமும் இல்லாவிட்டால் அது குறைபாடுதான். 'எந்த வகையிலேனும்' என்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அட்டை மட்டுமல்ல, விளம்பரமும், கடையில் தொங்கும் பதாகையும், கதவில் ஒட்டிய பொன்னிறத் தாளும் இதில் அடங்கும். இரண்டாவது, 'சேவைக் குறைபாடு'. பழுது நீக்கித் தருவதாக ஏற்றுக்கொண்டவர் காரணமின்றித் தாமதித்தாலோ அரைகுறையாகச் செய்தாலோ அது தனியாகவே வழக்குக்குரிய குற்றச்சாட்டு.

மூன்றாவதைத்தான் நம்மில் பலர் அறியவில்லை. அது 'நேர்மையற்ற வணிக நடைமுறை' என்ற தலைப்பின்கீழ் வருகிறது. தக்க சோதனையின் அடிப்படையில் அல்லாமல் ஒரு பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் தருவது நேர்மையற்ற நடைமுறை. சோதித்துத்தான் தந்தோம் என்று நிறுவனம் வாதிட்டால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதற்கும் மேலாக, உத்தரவாதமோ, மாற்றித் தருவதாகவோ பழுது நீக்குவதாகவோ தரும் வாக்குறுதியோ முக்கியமான வகையில் தவறான எண்ணத்தை ஏற்படுத்தினாலும், அது நிறைவேற நியாயமான வாய்ப்பே இல்லாதிருந்தாலும், அதுவும் நேர்மையற்ற நடைமுறையே. முன்பக்கத்தில் பத்து ஆண்டு என்று பெரிதாக அறிவித்துப் பின்பக்கத்தில் அதை வெறும் உதிரிபாகத்தின் விலையாகச் சுருக்குவது இந்த இலக்கணத்துக்குள் வருமா என்று ஒவ்வொருவரும் தம் அட்டையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் இதே தலைப்பில் இருக்கிறது. ரசீதில் கால அளவு குறிக்காவிட்டால் 30 நாள்கள். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்ற அச்சு வாசகம் இந்தப் பிரிவின் முன் நிற்காது.

2019-ஆம் ஆண்டின் சட்டம் 'பொருள்சார் பொறுப்பு' என்ற புதிய அத்தியாயத்தைக் கொண்டுவந்தபோது நாளிதழ்கள் அதைப் பெரிதாக வரவேற்றன. வரவேற்கத்தக்கதுதான். வெளிப்படையான உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், தான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று உற்பத்தியாளர் நிரூபித்தாலும் 84-ஆம் பிரிவு அவரை விடுவதில்லை. ஆனால், 'தீங்கு' என்ற சொல்லின் விளக்கத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பொருளுக்கே ஏற்படும் சேதமும், உத்தரவாத நிபந்தனை மீறலால் சொத்துக்கு ஏற்படும் சேதமும் அதில் சேரா. சலவை இயந்திரம் தீப்பிடித்துக் கை சுட்டால் இந்த அத்தியாயம். சலவை இயந்திரம் சுழலாமல் நின்றுவிட்டால் மேலே சொன்ன மூன்று கைப்பிடிகள். புகாரில் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு முதல் நாளிலேயே ஒரு வாதம் கிடைத்துவிடும்.

யார்மீது புகார் செய்வது? கடைக்காரர் நிறுவனத்தைக் கைகாட்டுவார். நிறுவனம் சேவை மையத்தைக் கைகாட்டும். சேவை மையம் தான் ஒப்பந்தக்காரர் மட்டுமே என்று சொல்லும். என் அனுபவத்தில் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே சரி. விற்பனையாளரும் உற்பத்தியாளரும் தனித்தனி வணிகர்களாக இயங்கும்போது, விற்பனையாளரின் தவறுக்கு, உற்பத்தியாளருக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதைப் புகாரில் தனித்தனியாக எழுதுவது அதனால் இன்றியமையாததாகிறது. கடைக்காரர் தன் பெயரில் தனியாக உத்தரவாதம் தந்திருந்தால் அது அவருடைய பொறுப்பு. சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு கடைகள் விற்கும் 'நீட்டிக்கப்பட்ட வாரண்டி' பெரும்பாலும் உற்பத்தியாளருடையதே அன்று. மூன்றாவதாக ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தம். வாங்கும்போதே அதன் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வாங்காதீர்கள் என்பதே என் பதில்.

என்ன கேட்கலாம் என்பதிலும் நிதானம் தேவை. பழுதை நீக்குதல், பொருளை மாற்றித் தருதல், விலையை வட்டியுடன் திருப்பித் தருதல், இழப்பீடு, தேவைப்பட்டால் தண்டனைத் தன்மையுள்ள இழப்பீடு, வழக்குச் செலவு ஆகிய அனைத்தையும் ஆணையம் வழங்கலாம் என்கிறது 39-ஆம் பிரிவு. ஆனால், பழுதான பாகத்தை மட்டும் மாற்றித் தருவதாக உத்தரவாதம் சொல்லியிருக்கும்போது முழு வாகனத்தையும் மாற்றித் தருமாறு உத்தரவிட முடியாது என்று 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கதவின் கைப்பிடி உடைந்ததற்குப் புது வண்டி கேட்பவர்களின் புகார் அதனால்தான் தள்ளாடுகிறது. அதே வேளை, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஈடு கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நுகர்வோர் அலைக்கழிக்கப்படுவதே இழப்பீட்டுக்குரியது என்பதை 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயமற நிலைநாட்டியது.

இனி, சான்றுகள். சட்டப் பிரிவுகளைவிட இவை முக்கியம் என்பேன். முதலில் ரசீது. இப்போதெல்லாம் கடைகள் வெப்பத்தாளில் அச்சிட்டுத் தருகின்றன. இரண்டு கோடைகளில் எழுத்து மறைந்து வெறும் தாள் மிஞ்சும். வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நகலும் எடுத்துவிடுங்கள். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் பொருளின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் வாங்கிய நாளிலிருந்தா, வீட்டில் பொருத்திய நாளிலிருந்தா என்பது இன்னொரு சச்சரவு. பொருத்தாமல் பயன்படுத்தவே முடியாத சாதனங்களுக்குப் பொருத்திய நாளிலிருந்தே கணக்கிடுமாறு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இன் இறுதியில் நிறுவனங்களை அறிவுறுத்தியது. பொருத்த வருபவர் தரும் தாளையும் அதற்காகவே பத்திரப்படுத்த வேண்டும்.

பழுது நேர்ந்தபின், தொலைபேசியில் பேசுவதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதுநீக்குநர் எழுதும் ஜாப் ஷீட்டின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். அதில் அவர் பழுதுக்கு எழுதும் காரணம்தான் பின்னர் வழக்கின் அச்சாணி. 'வோல்டேஜ்' என்று எழுதினால், அளந்து பார்த்த அளவையும் எழுதச் சொல்லுங்கள். விதிவிலக்கைக் காட்டி விலகுகிறவரே அந்த விதிவிலக்கை நிரூபிக்க வேண்டும் என்பது காப்பீட்டு வழக்குகளில் வேரூன்றிய நெறி. உத்தரவாதத்துக்கும் அந்த வாதம் செல்லும். இன்னொன்று: வேலை முடியுமுன் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொன்ன நொடியில் நிறுவனத்தின் கணினியில் உங்கள் குறை தீர்ந்து, நீங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வீட்டில் குளிராத பெட்டி நின்றுகொண்டிருக்க, 'உங்கள் புகார் வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி என் கைக்கு வந்தது.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகையுடன் கூடிய அஞ்சல். நிறுவனத்தின் பதிவு அலுவலகம் மும்பையிலோ குருகிராமிலோ இருந்தால் என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். புகார் செய்பவர் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த மிகப் பெரிய உதவி. இணையவழி வாங்கியவர்களுக்கு இன்னொரு படி உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அது நீதிமன்றமன்று, ஆனாலும் அந்த ஒரு அழைப்பிலேயே இறங்கிவரும் நிறுவனங்கள் உண்டு.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு ஒரு காசும் கட்டாமல் வழக்குத் தொடுக்கலாம் என்று பொருள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இதற்கென முன்பு இ-தாக்கில் என்ற தளம் இருந்தது, 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற தளம் வந்துள்ளது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் கெடு நீளாது.

புகாரை ஏற்பதா என்பதை ஆணையம் 21 நாளுக்குள் முடிவு செய்யாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும். எதிர்த்தரப்பு பதிலளிக்க 30 நாள்; கூடுதலாக 15 நாள். இந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முந்தைய சட்டத்தின் இதே போன்ற பிரிவை வைத்து உறுதி செய்தது. குறைபாட்டைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் பொருளைத் தக்க ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான தொகையைப் புகார்தாரர் முதலில் கட்ட நேரிடும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்பது சட்டம் வைக்கும் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வழக்கு பதினான்கு மாதங்கள் நடந்தது. ஒரு முறை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவில்லை, ஒரு முறை உறுப்பினர் பணியிடம் காலியாக இருந்ததால் அமர்வு கூடவில்லை, இரு முறை அவகாசம் கேட்டார்கள். தக்க காரணத்தைப் பதிவு செய்யாமல் ஒத்திவைக்கக் கூடாது என்று சட்டம் சொல்வதை நான் எழுந்து நின்று சொன்னபோது தலைவர் புன்னகைத்தார். அவர்மீது எனக்குக் குறையில்லை. அவர் முன்னிருந்த கட்டுகளின் உயரத்தை நானும் பார்த்தேன். நாங்கள் இதற்குள் வேறொரு குளிர்பெட்டி வாங்கிவிட்டிருந்தோம். இன்சுலின் பதினான்கு மாதம் காத்திருக்காது.

வோல்டேஜ் காரணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று ஆணையம் முடிவு செய்தது. கம்ப்ரசரைக் கட்டணமின்றி மாற்றித் தரவும், இழப்பீடும் செலவுமாக 13,000 ரூபாய் கொடுக்கவும் உத்தரவாயிற்று. நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிய பிறகே போக முடியும். உத்தரவை மதிக்காமல் இருந்தால் 72-ஆம் பிரிவு இருக்கிறது: ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நிறுவனங்கள் ஏன் மறுக்கின்றன? தீய எண்ணம் என்று சொல்வது எளிது. பொருளாதாரம் படித்தவன் கணக்கைப் பார்க்கிறேன். ஒரு பேச்சுக்கு, நூறு பேர் நியாயமாகக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் செலவு 6,000 ரூபாய் என்று கொள்வோம். எல்லோருக்கும் செய்து கொடுத்தால் 6 லட்சம். எல்லோருக்கும் மறுத்தால் தொண்ணூற்றெட்டுப் பேர் முணுமுணுத்துவிட்டுத் தம் பணத்தில் பழுது நீக்கிக்கொள்வார்கள். இருவர் வழக்குக்குப் போய் ஆளுக்கு 25,000 பெற்றாலும் செலவு 50,000தான். மறுப்பதே இலாபம் என்று கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கை மாற்றுவதற்கு இரண்டு வழிகள்தாம் உண்டு: வழக்குக்குப் போகிறவர்கள் இரண்டு என்பது இருபது ஆக வேண்டும், அல்லது போகாதவர்களின் இழப்பும் சேர்த்து எடைபோடப்பட வேண்டும்.

இரண்டாவதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது, பயன்பாடுதான் குறைவு. ஒரே குறையுடைய பலர் ஆணையத்தின் அனுமதியுடன் சேர்ந்து ஒரே புகார் கொடுக்கலாம். அடையாளம் காண இயலாத ஏராளமானோர் இழப்புக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஆணையம் கருதினால், விற்ற குறைபாடுள்ள பொருளின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையாத தொகையைக் கட்டச் சொல்லலாம். 2020 ஜூலையில் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். 'பத்து ஆண்டு' என்ற பொன்னெழுத்தும் விளம்பரம்தானே? என் தனிப்பட்ட கோரிக்கை எளிமையானது: எந்த எழுத்தளவில் உத்தரவாதத்தை அறிவிக்கிறார்களோ, அதே எழுத்தளவில் அது எதற்குப் பொருந்தாது என்பதையும் அச்சிடச் செய்ய வேண்டும். மற்றொன்று, அட்டையின் நிபந்தனையே நேர்மையற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க விரும்புகிறவர் இன்று மாவட்ட ஆணையத்தில் அதைச் செய்ய முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இருபதாயிரம் ரூபாய்ப் பொருளுக்காகத் தென்காசியிலிருந்து ஒருவர் அப்படிப் போவாரா?

என் முன்னாள் மாணவர் ஒருவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பழச்சாறு கடை வைத்திருக்கிறார். கடன் வாங்கி உறைகலன் ஒன்று வாங்கினார். ஏழாம் மாதம் அது நின்றது. ஒரு வாரத்துப் பழமும் ஐஸ்கிரீமும் போயின. உத்தரவாதம் ஓராண்டு. நிறுவனத்தின் பதில் வேறு விதமாக வந்தது: நீங்கள் வணிகத்துக்காக வாங்கியவர், ஆகவே சட்டப்படி நுகர்வோரே அல்லர்.

இந்த வாதத்துக்கு அடிப்படை உண்டு. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால், தன் உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக, தானே பயன்படுத்தும் பொருளை வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் நிறுவனத்துக்கும் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லையை வகுத்தது. அந்த வழக்கில் பெரிய இயந்திரத்தை வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்றே முடிவாயிற்று. ஆனால் தானே தட்டச்சு செய்து பிழைப்பவரின் தட்டச்சுப் பொறியும், தானே ஓட்டிப் பிழைப்பவரின் ஆட்டோவும் அந்த விலக்கில் சிக்கா என்று அதே தீர்ப்பு எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது.

கடையில் என் மாணவரும் அவர் மனைவியும்தான் நிற்கிறார்கள். மாலையில் ஒரு பையன் உதவிக்கு வருகிறான். அதைப் பிரமாண வாக்குமூலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று இருவரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று மாலைகள் பேசினோம். உரிம நகல், கடன் ஒப்பந்தம், கடையின் இரண்டு படங்கள், சேவை மையத்தின் ஜாப் ஷீட் ஆகியவை இணைக்கப்பட்டன. புகார் ஏற்கப்பட்டுவிட்டது. எதிர்த்தரப்பின் 45 நாள் கெடு வரும் புதன்கிழமை முடிகிறது. அன்று அவர் காலையில் கடையைத் திறக்க முடியாது என்பதால், மனைவி மட்டும் கல்லாவில் இருப்பார். ஆணையத்துக்கு அவருடன் நான் போகிறேன்.